ஜெராக்ஸ் எடுக்கப் போனவர்கள்

மூடியின் இடுக்கு வழியாகப் பச்சை வெளிச்சம் ஊர்ந்து போகிறது, இடமிருந்து வலமாக, பைய, ரொம்பப் பைய, சம்பளம் வராத மாதத்து வேலைக்காரனைப் போல, அந்த வெளிச்சத்துக்கு மேலே கண்ணாடியில் குப்புறப் படுத்திருக்கிறாள் என் அக்கா, அக்கா என்றால் அக்காவின் ஆதார் அட்டை, பக்கத்துத் தட்டில் வந்து விழுகிற தாளில் அவளுக்கு முகம் கறுத்து, மூக்கு கரைந்து, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பள்ளங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, வீட்டிலும் இப்போதெல்லாம் அவள் இப்படித்தான் இருக்கிறாள் என்று தோன்றியதும் எனக்கு அந்தத் தாளைப் பார்க்கப் பிடிக்கவில்லை, சரியா விழலையே, இன்னொண்ணு போடுங்க, என்கிறேன், கடைக்காரம்மா மூடியைத் திறந்து அட்டையை ஒற்றை விரலால் நேராக்குகிறாள், ஆதார் போட்டோன்னா எல்லாத்துக்கும் இப்படித்தாம்மா விழும், ரதிய கொண்டாந்து படுக்கவச்சாலும் இப்படித்தான் விழும், என்கிறாள், நானும் சிரித்துவைக்கிறேன், சாலைக்கு அந்தப் பக்கம் நீல கேட் போட்ட கட்டடத்தின் முன்னறையில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள், தட்டில் விழுந்தவள் இல்லை, நிஜ அக்கா, அவளுக்கு எதிரே பெனிலா என்கிற சின்னப் பெண், குற்றத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பேசவைத்துத் தேற்றி அனுப்புகிற கவுன்சிலர், நான் பார்த்த அதே வேலை, திருநெல்வேலியில் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக நான் உட்கார்ந்து தேய்த்த அதே மாதிரி நாற்காலி, ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு சால்வையும் கொடுத்து, மேடத்தின் செவிகள் சாதாரணச் செவிகள் அல்ல என்று ஒருவர் மைக்கில் சொன்னார், அந்தச் செவிகளை வைத்துக்கொண்டுதான் இப்போது தூத்துக்குடி வெயிலில் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறேன்.

அக்காவுக்குச் செண்பகவல்லி என்று பெயர், ஆனால் தெருவில் பாதிப் பேருக்கு அவள் எக்ஸ்சேஞ்சு அக்கா, அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் இணைத்துக் கொடுக்கிற உத்தியோகம், ஹலோ மெட்ராஸ், ஹலோ மெட்ராஸ், தூத்துக்குடி பேசுதேன், என்று நாள் பூராவும் ஊர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், நான் காலேஜ் விட்டு வரும் வழியில் அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்து ஜன்னலுக்குக் கீழே நிற்பேன், உள்ளே பத்துப் பெண்கள் பத்து ஊரோடு ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி, அதில் அக்காவின் குரல் மட்டும் எவர்சில்வர் டம்ளரில் கரண்டி தட்டியது போலத் தனியாகக் கேட்கும், மெட்ராஸே எழுந்து நின்று பதில் சொல்லுகிற குரல், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டால் வாய் மூடாது, உப்பு வியாபாரி பம்பாய்க்குப் பேசியதையும் கல்யாணம் நிச்சயமான பெண் மாப்பிள்ளையிடம் பேசத் தெரியாமல் வானிலை அறிக்கை வாசித்ததையும் நடித்துக் காட்டுவாள், அம்மா அடுப்படியிலிருந்து, ஏட்டி, அடுத்தவங்க பேசுனத இப்படி அம்பலத்துல வைக்கியே, கவர்மெண்டுக்காரன் புடிச்சு உள்ள போடப் போறான், என்பாள், நான் பேரா சொன்னேன், ஊருதானே சொன்னேன், என்பாள் அக்கா, நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், சாவுச் செய்தி போன ட்ரங்க் கால்களை மட்டும் அவள் சொன்னதில்லை, அன்றைக்கு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள், இல்லாத கல்லையும் பொறுக்குவாள், நான் துளைத்தெடுத்தால், அழுதாங்கடி, லைனு அறுந்துராம நான் புடிச்சுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான், என்பாள், பின்னால் நான் பார்க்கப்போன வேலைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை, அங்கே கிடைத்ததெல்லாம் மத்தியானச் சாப்பாடுதான்.

அந்த வாய்தான் மூடிவிட்டது. தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினை சர்வீஸ் பண்ண வந்திருக்கிறோம் என்று இரண்டு பேர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெட்டி, அத்தான் போனபிறகு அக்கா தனியாக இருக்கிற வீடு, நல்ல வெயில் நேரம், தெருவில் ஆள் நடமாட்டம் வேறு, அவள் கதவைத் திறந்துவிட்டதோடு நிற்காமல் வெயிலில் வந்த பிள்ளைகள் என்று மோரும் கொடுத்திருக்கிறாள், மத்தியானத்துக்கு மேல் மீன்காரி ரெஜினா வந்து, கதவு சும்மா சாத்தியிருக்கிறதே என்று எக்கா எக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்க் குளியலறையைத் திறந்தபோது, கை கட்டப்பட்டு அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், போன நகைகள் என்னென்ன என்று போலீசாரிடம் ஒழுங்காகச் சொன்னாள், அவ்வளவு நேரமும் வீட்டுக்குள் என்ன நடந்தது, அவர்கள் என்ன பேசினார்கள், என்ன செய்தார்கள், அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, அப்புறம் வேறு எதையுமே சொல்லவில்லை, ம், வேண்டாம், சரி, இந்த மூன்றை வைத்தே குடித்தனம் நடத்துகிறாள், குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை, வாசல் மணி அடித்தால் அடுப்படிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள், புனேயிலிருந்து மகன் ரமணன் வந்தான், பொறுப்பான பிள்ளை, பொறுப்பு கொஞ்சம் அதிகம், வீட்டை விலைக்குப் பேசிவிட்டு, அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக டிக்கெட்டும் போட்டுவிட்டான், வெள்ளிக்கிழமை முன்பணம் வாங்குவதாகப் பேச்சு, அம்மாட்ட கேட்டியாடா, என்றேன், கேட்டேன் சித்தி, சரின்னுட்டாங்க, என்று சொல்லிவிட்டுப் புனேக்குத் திரும்பினான், அந்தச் சரியை எனக்குத் தெரியும், எத்தனையோ வாய்களில் கேட்டிருக்கிறேன், காபி வேணுமா என்றாலும் சரி, கிணற்றில் குதிக்கிறாயா என்றாலும் சரி, அத்தான் ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்துக் கட்டிய வீடு, விற்கட்டும், விற்காமல் இருக்கட்டும், அதை அவள் தன் வாயால் சொல்லவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும், அதற்காகத்தான் நான் பெட்டியோடு வந்து அவளோடு தங்கினேன், என் கைவரிசை எல்லாவற்றையும் இறக்கினேன், பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன், கேள்வி கேட்காமலே கேள்வி கேட்டேன், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, உனக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லுக்கா, என்று குரலை அல்வா போலக் குழைத்தேன், அவள் கீரைக் காம்பைக் கீழே போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஏட்டி, உன் ஆபீசு சோலிய எங்கிட்ட காட்டாத, என்றாள், அந்த ஒரு வாக்கியம்தான் நான் வந்து சம்பாதித்தது.

தோல்வியை ஒப்புக்கொண்டு இன்று காலை இங்கே கூட்டிவந்தேன், பெனிலாவைப் பார்த்ததும் எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஏற்படவில்லை, சுடிதாரும் குதிரைவால் சடையுமாகக் கல்லூரியிலிருந்து நேரே வந்தவள் மாதிரி இருந்தாள், டிஷ்யூ பெட்டியை மேசை நடுவில் வைத்திருந்தாள், அழுதுதான் ஆகவேண்டும் என்று மிரட்டுவதைப் போல, நாங்கள் அதை மேசைக்கு அடியில் வைப்போம், நான் யார் என்று அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் பிள்ளை பதறிப்போகும் என்று ஒரு பெருந்தன்மை, உங்க பேரு என்னம்மா, என்று அக்காவைப் பார்த்துக் கேட்டாள், செண்பகவல்லி, என்றேன் நான், வீடு எங்கம்மா, போஸ்டாபீசுக்குப் பின்தெரு, என்றேன் நான், தூக்கமெல்லாம் எப்படி இருக்கு, எங்க தூங்குதா, பொரண்டு பொரண்டு படுக்கா, என்றேன் நான், கொஞ்சம் தண்ணி குடிக்கியளா, வேண்டாம்மா, அவ வெளிய தண்ணி குடிக்கமாட்டா, என்றேன் நான், அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பெனிலா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து ரொம்ப இனிமையாகச் சிரித்தாள், ஒரு சின்ன ஒத்தாசை பண்ணுவியளாம்மா, ஆதாரும் ரேஷன் கார்டும் காப்பி வேணும், முன்ன பின்ன ரெண்டு பக்கமும், எதுத்தாப்புல கடை இருக்கு, சும்மா குடுத்துட்டு வந்துராதிய, பக்கத்துல நின்னு பாத்து எடுங்க, அவசரமே இல்ல, என்றாள், இதற்கு நம்மைவிட்டால் யார் என்று நான் எழுந்தேன், அக்காவின் தோளைத் தட்டி, பயப்படாத, இன்னா வந்துருதேன், என்றேன், வாசலில் நின்று திரும்பி, பாத்துக்கோங்க, அவ சட்டுனு பேசமாட்டா, என்று பெனிலாவுக்கு ஒரு தொழில் குறிப்பும் கொடுத்துவிட்டு வந்தேன்.

சுட்ட தாளும் மையும் கலந்த அந்த வாசனை கடைக்குள்ளிருந்து வருகிறது, மற்றவர்களுக்கு அது ஜெராக்ஸ் வாசனை, எனக்கு அது ஆபீஸ் வாசனை, தளவாய் அண்ணாச்சி வாசனை, எங்கள் மையத்துக்கு இரண்டு கடை தள்ளி முத்தாரம்மன் ஜெராக்ஸ் என்று பலகை போட்டு, அம்மன் படத்தையே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவைத்திருந்த மனிதர், எங்கள் தொழிலில் அடிபட்டு வருகிறவர்களால் தொல்லையே கிடையாது, தொல்லை எல்லாம் அவர்களோடு வருகிறவர்களால்தான், எந்தப் பெண்ணும் தனியாக வரமாட்டாள், மாமியார் வருவாள், சித்தப்பா வருவார், வார்டு மெம்பர் வருவார், உட்கார்ந்ததும் அவர்கள்தான் பேசுவார்கள், அடிபட்டது யார் என்று நமக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு விளக்கமாகப் பேசுவார்கள், கொஞ்சம் வெளிய இருங்க என்று சொல்லிவிட்டால் போச்சு, அதென்ன எங்களுக்குத் தெரியாத பேச்சு என்று பெண்ணையும் கையைப் பிடித்து எழுப்பிக் கொண்டுபோய்விடுவார்கள், ஆனால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க என்று சொல்லிப் பாருங்கள், நம் ஊரில் எந்த மனிதனும் மறுபேச்சுப் பேசமாட்டான், பிறந்ததிலிருந்து அதற்காகவே காத்திருந்தவன் போல எழுந்து போவான், இந்த உண்மையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு, அண்ணாச்சியோடு ஒப்பந்தம் வைத்திருந்தேன், வருகிறவர் ரெண்டு பக்கமும் வேணும் என்று சொன்னால் அவர் மெஷினை அணைத்துவிட வேண்டும், லோ வோல்டேஜு, டீ குடிச்சுக்கிட்டு இருங்க, பைய வரும், என்று சொல்ல வேண்டும், உள்ளே எனக்கு அரை மணி நேரம் கிடைத்துவிடும், வள்ளியூரிலிருந்து ஒரு மாமியார் வந்தாள், ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால ஒண்ணுமே எழுதலையே மேடம், அதுக்கு எதுக்கு காப்பி, என்றாள், ஒண்ணுமே எழுதலைங்கறதுக்கு ஒரு அத்தாட்சி வேணும்லம்மா, என்றேன், நியாயம்தான் என்று போனாள், அவள் மருமகள் சுடர்க்கொடி, முழங்கை வரைக்கும் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், மாமியார் படி இறங்கியதும் பேசப்போகிறாள் என்று பார்த்தால், மேசையில் கன்னத்தைச் சாய்த்து அப்படியே தூங்கிவிட்டாள், லேசாகக் குறட்டைகூட விட்டாள், நான் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்சம் இழுங்க, என்று ரகசியமாகச் சொன்னேன், டோனர் வாங்கப் போறேன்னு கடைய அந்தம்மாட்டயே ஒப்படைச்சுட்டுப் போயிருதேன் மேடம், என்றார், சொன்னபடியே போய்விட்டார், மாமியார் கடையை நடத்தினாள், வந்தவர்களை வரிசையில் நிற்கவைத்தாளாம், பிறகு வேறொரு நாள் சுடர்க்கொடி தானாகவே பஸ் ஏறி வந்து எல்லாவற்றையும் சொன்னாள், கல்யாணத்துக்கு அப்புறம் மொதமொதல்ல நிம்மதியாத் தூங்குனது உங்க மேசையிலதான் மேடம், என்றாள், அந்த மேசையைப் பழைய சாமான்காரனுக்குப் போட்ட அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன், வயிற்றுக்கோளாறு என்று எழுதிக் கொடுத்தேன்.

முக்கூடலிலிருந்து ஒருத்தர் வந்தார், மீசை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் தோரணம் கட்டியது மாதிரி, நிலத் தகராறில் அரிவாள் வெட்டுப்பட்ட தங்கையைக் கூட்டிவந்தவர், அவளைப் பேசவே விடவில்லை, வழக்கம்போல ஜெராக்ஸுக்கு அனுப்பினேன், திரும்பி வரும்போது ஆளுக்கு மீசை இறங்கியிருந்தது, சாயங்காலம் அண்ணாச்சி என் முன்னால் வந்து நின்றார், மேடம், நல்லா ஆளு அனுப்புதிய, அந்த மனுசன் எம் பேப்பர் கட்டு மேல தலைய வச்சு ஓன்னு அழுதுட்டாரு, நாந்தான வெளியூருக்குப் போயிட்டேன், நாந்தான வெளியூருக்குப் போயிட்டேன்னு, கட்டு பூரா நனைஞ்சு அப்பளமாப் போச்சு, உங்க ரூம்புல அழுவுறவங்களவிட எங் கடையில அழுவுறவங்கதான் ஜாஸ்தி, எனக்கும் ஒரு சம்பளம் போடச் சொல்லுங்க, என்றார், நான் அதை ஒரு நல்ல வேடிக்கையாக எடுத்துக்கொண்டு எத்தனையோ இடங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறேன், பிரிவுபசார விழாவில்கூட சொன்னேன், கூட்டம் கைதட்டியது, அந்தக் கைதட்டல் சத்தத்துக்குள்ளிருந்து, எம்மா, எம்மா, என்று யாரோ கூப்பிடுகிறார்கள், பார்த்தால் கடைக்காரம்மா, மூடியைத் திறந்தபடி வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள், எம்மா, நீங்க பெனிலா மேடம் அனுப்பி வந்தவியளா, என்று கேட்கிறாள், ஆமா, என்கிறேன், முதல்லயே சொல்லக்கூடாதா, என்று சொல்லி மெஷினின் பொத்தானை அமுக்கி அணைக்கிறாள், மெஷினு சூடாயிட்டும்மா, செத்த நேரம் ஆறணும், இப்படி பெஞ்சுல உக்காருங்க, டீ வருது, என்கிறாள், இப்ப நல்லாத்தானே ஓடுச்சு, என்கிறேன், ஓடும், பிறகு சூடாயிரும், பெனிலா மேடம் ஆளுங்க வந்தா அதுக்கு எப்பவும் சூடாயிரும், என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறாள்.

நான் உட்காரவில்லை, விழுந்தேன் என்று சொல்லலாம், முதலில் வந்தது கோபம், எனக்கேவா, என்ற கோபம், பச்சைப் பிள்ளை, நேற்று முளைத்தது, என்னை, என் சொந்த ஆயுதத்தால், ரெண்டு பக்கமும் என்று வேறு சொன்னாளே, அப்போதுகூட என் சாதாரணமல்லாத செவிகளுக்கு உறைக்கவில்லையே, கையில் டீ கிளாஸ் வந்தது, வெயில் கண்ணைக் கூசியது, ஆவியின் வழியாகப் பார்த்தால் கடை கொஞ்சம் பின்னால் நகர்ந்தது, அம்மன் படம் ஒட்டியிருந்தது, பெஞ்சு நீண்டுகொண்டே போனது, அதில் வரிசையாக அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் அனுப்பியவர்கள் எல்லாரும், மாமியார்களும் சித்தப்பாக்களும் வார்டு மெம்பர்களும், அத்தனை வருஷமாக இன்னும் அவர்களுக்கு மெஷின் ஆறவில்லை, ஆளுக்கு ஒரு ரேஷன் கார்டை மடியில் வைத்துக்கொண்டு டீ குடிக்கிறார்கள், வள்ளியூர் மாமியார் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள், நீங்களும் வந்துட்டியளா மேடம், வாங்க வாங்க, பின்பக்கத்துல ஒண்ணும் எழுதாததுக்குக் காப்பி எடுக்கவா, என்றாள், இல்லம்மா, எங்க அக்கா உள்ள இருக்கா, அவ தனியா இருந்தா பயப்படுவா, நான் போகணும், என்றேன், எம் மருமகளும் பயப்படுவான்னுதான் மேடம் நான் சொன்னேன், நீங்க கேட்டியளா, என்றாள், பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள், முக்கூடல்காரர் மட்டும் சிரிக்கவில்லை, அவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார், எனக்கு எதுக்குங்க, நான் கவுன்சிலரு, என்று சொல்ல வாயைத் திறந்தேன், வாயிலிருந்து அது வரவில்லை.

வேறு ஏதோ வந்தது, ஊளை மாதிரி ஒன்று, எனக்கே அது யார் சத்தம் என்று தெரியவில்லை, கடைக்காரம்மா ஓடி வந்து முதலில் என் பக்கத்திலிருந்த பேப்பர் கட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள், அதற்கு அப்புறம்தான் என் முதுகைத் தொட்டாள், அவளும் அனுபவசாலிதான், ரெஜினா போன் பண்ணின அன்று நான் பஸ்ஸில் அழவில்லை, கயிறு பட்டுக் கன்றியிருந்த மணிக்கட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும்போது அழவில்லை, பேசினேன், ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா, எல்லாம் முடிஞ்சுபோச்சு, என்று பேசிக்கொண்டே தடவினேன், அவள் ஒரு தடவை வாயைத் திறந்தாள், இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கையில் அது தெளிவாகத் தெரிகிறது, ஏட்டி, அந்தப் பய, என்று ஆரம்பித்தாள், நான், சரி சரி, நீ அதெல்லாம் நெனைக்காத, என்றேன், கண்ணீரைத் துடைக்கவில்லை, கதவைச் சாத்துவது போல அவள் வாயைச் சாத்தினேன், அந்தப் பய என்ன செய்தான் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, ஊரார் அக்காக்களிடம் எல்லாம் கேட்ட தைரியம், என் அக்காவிடம் மட்டும் இல்லாமல் போயிற்று, அது தெரிந்தேதான் அவளும், உன் ஆபீசு சோலிய காட்டாத, என்றாளோ என்னவோ, அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன், காப்பி எல்லாம் எடுத்தாச்சும்மா, இந்தாங்க, வேணும்னா போலாம், என்று கடைக்காரம்மா தாள்களை நீட்டினாள், சாலையில் இறங்க ஒரு காலை வைத்தேன், நீல கேட் தெரிகிறது, திறந்துதான் இருக்கிறது, நாலு எட்டு வைத்தால் உள்ளே, அக்கா ஒருவேளை இன்னும் ம் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ, ஒருவேளை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாளோ, அந்த நேரம் பார்த்து நான் போய், இந்தாங்க காப்பி, என்று நின்றால், அந்த அறையில் அப்படி ஒரு முகம் கதவில் எட்டிப் பார்த்ததும் பாதி வார்த்தையில் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும், காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், இன்னும் கொஞ்சம் எடுக்கணும், என்றேன், என்னதும்மா, அதே ஆதார்தான், அதான் எடுத்தாச்சே, இன்னும் எடுங்க, எவ்வளவு, நீங்க பாட்டுக்கு எடுங்க, அவள் ஒன்றும் கேட்காமல் மெஷினைப் போட்டாள், ஆதார் அலுத்ததும் கைப்பையிலிருந்து என் மருந்துச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன், பஸ் டிக்கெட்டைக் கொடுத்தேன், உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை ஒன்று கிடந்தது, அதையும் கொடுத்தேன், ரெண்டு பக்கமும், என்றேன், கடைக்காரம்மா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்த்தாள், அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியாது, நிமிர்ந்தபோது நீல கேட்டில் அக்கா நிற்கிறாள், கூட யாரும் இல்லை, வாசல் மணிக்கு நடுங்குகிறவள் சாலையில் இறங்குகிறாள், ஒரு லாரிக்காக நிற்கிறாள், பைக்கில் வந்த ஒருவனைக் கையைக் காட்டி நிறுத்துகிறாள், நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கக்கூடாது என்று பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், வந்தாள், கண் இமை இரண்டும் தடித்து, முகம் கழுவி, முன்மயிர் நனைந்திருந்தது, என் மடியில் கிடந்த கட்டைப் பார்த்தாள், ஏட்டி, இது என்ன இத்தன செண்பகம், ஒருத்திய வச்சே உன்னால சமாளிக்க முடியல, என்றாள், மெஷின் சூடாயிட்டுக்கா, என்று உளறினேன், அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், சொல்லிட்டேன், என்றாள், சரிக்கா, எல்லாம் சொல்லிட்டேன், ஒண்ணு விடாம, சரிக்கா, உங்கிட்ட சொல்லமாட்டேன், சரிக்கா, என்னத்த சரிக்கா சரிக்கான்னு, கேக்கமாட்டியா, கேக்கமாட்டேன், கேக்காட்டி உனக்குச் சோறு எறங்காதே, எறங்காதுதான், ரசம் ஊத்தி எறக்கிக்கிடுதேன், என்றேன், அவள் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், நான் என்னதான் துடைத்திருந்தாலும் மூக்கு சிவந்திருக்கும் போல, பாத்தியா, இதுக்குத்தான், என்றாள், நான் சொல்லச் சொல்ல நீ அழுவ, பிறகு உன்னைய நான் தேத்தணும், எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்லட்டி, அந்தப் புள்ள அழல, ஒரு பொட்டு அழல, லைனு அறுந்துராம உக்காந்திருந்தா, என்றாள்.

போனக் குடு, ரமணனப் புடி, என்று அவளே கேட்டாள், நான் போட்டுக் கொடுத்தேன், ஏல, அம்மா பேசுதேன், என்றாள், அந்தப் பக்கம் அவன் பயந்துபோய் என்னமோ கேட்டான், ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன், அழலப்பா, மூக்கு அடச்சிருக்கு, நீ மொதல்ல நான் சொல்லுததக் கேளு, வெள்ளிக்கெழம யாரும் வரவேண்டாம்னு சொல்லிரு, ஆமா, சரின்னேன், அன்னைக்குச் சரின்னேன், இன்னைக்கு இல்லங்கேன், எனக்கு யோசிக்கணும், விக்கணும்னு தோணுச்சுன்னா நானே சொல்லுதேன், உங்க அப்பா கட்டுன வீட்டப் பாத்துப் பயந்துக்கிட்டு நான் புனேயில வந்து உக்காரணுமா, என்ன, பயமா, பயம் இருக்குல்ல, இல்லைன்னு யாரு சொன்னா, வாசலுக்கு ஒரு கம்பிக் கதவு போடணும், அதுக்கு ஆளப் பாரு, பிறகு அடுத்த வாரமும் இங்க வரணும், செவ்வாக்கெழம, அந்தப் புள்ள வரச் சொல்லியிருக்கு, தனியா வருவேன், உங்க சித்திய கூட்டிட்டு வந்தா நான் பேச முடியாது, என்றாள், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆட்டோவ நிறுத்து, பசிக்கி, என்றாள், கடைக்காரம்மாவிடம் காசு கொடுத்துவிட்டு வந்து நானும் ஏறிக்கொண்டேன், ஆட்டோ துறைமுகத்துச் சாலையில் திரும்பியதும் அக்கா பேச ஆரம்பித்தாள், அந்த விஷயத்தை அல்ல, முருங்கைக்காய் விலையை, ரெஜினா இரண்டு வாரமாகக் கொண்டுவந்து ஏமாற்றுகிற ஊளி மீனை, பெனிலாவுக்கு வாய்க்கவேண்டிய மாப்பிள்ளையை, கட்டடங்களின் சந்துகள் வழியே வெயில் ஒரு பட்டையாக விழுந்து அவள் முகத்தின் மேல் ஊர்ந்து போகிறது, இடமிருந்து வலமாக, பைய, ஒரு சந்து போய் இன்னொரு சந்து, கண் கண்ணாக இருக்கிறது, மூக்கு மூக்காக இருக்கிறது, தடித்த இமைக்குக் கீழே ஒரு சுருக்கம்கூடத் தப்பாமல் தெரிகிறது, என்னட்டி, கேக்கியா, என்கிறாள், ம், என்கிறேன்.